வெயிலில் காய்ந்த புண்ணாக்கில் நஞ்சும் போய்விடுமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு விடயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு வெளிநாட்டில் வேலை. வீட்டில் இவரும் மாமியும் மூன்று வயது மகளும். நான்கு கறவை மாடுகள், கன்றுகள், ஒரு நாகு. பத்து லீற்றர் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மகளுக்கு எடுத்தது போக மீதியைச் சட்டித் தயிராக்கி விற்கிறார். ஐப்பசிக் கடைசியில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஆறு மூடை தேங்காய்ப் புண்ணாக்கு வாங்கி, கொட்டிலின் சீமெந்துத் தரையில் சுவரோடு அடுக்கி வைத்தார். கார்த்திகையில் கணுக்காலளவு வெள்ளம் வந்து இரண்டு நாள் நின்றது. அடியில் கிடந்த இரண்டு மூடைகளும் கட்டிபட்டுப் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிட்டன. அவற்றை உடைத்துப் படங்கில் பரப்பி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மணம் போன பிறகு மாட்டுக்கு ஒன்றரைக் கிலோப்படி இரண்டு கிழமை போட்டிருக்கிறார். இப்போது பால் பதினெட்டு லீற்றரிலிருந்து பதினான்குக்கு இறங்கிவிட்டது. ஒரு கன்று கழிந்து, முக்கி முக்கி, எட்டாம் நாள் செத்துப்போனது. ஒரு மாட்டுக்கு மூன்று தடவை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மூன்றாவது மூடையைத் திறந்தால், அது வெள்ளத்தில் நனையாத மேல் மூடை, அதற்குள்ளும் கட்டி.

பக்கத்து வளவு அண்ணன், மாட்டுக்கு நாலு வயிறு, எதையும் செரிக்கும் என்கிறார். பாலை நன்றாகக் காய்ச்சினால் எந்த நஞ்சும் நிற்காது என்பது மாமியின் பேச்சு. கடைக்காரரோ, என் கடையிலிருந்து நல்ல சாமான்தான் வந்தது, வெள்ளத்துக்கு நான் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார். சகோதரி கேட்பது இவைதான்: மிச்சப் புண்ணாக்கைக் கொட்டத்தான் வேண்டுமா? பாலை விற்கலாமா? கடைக்காரரிடம் நட்டம் கேட்க வழி உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாலைக் குடித்த பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

தங்கச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தப் பயத்தோடுதான் மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இரண்டு கிழமை அந்தப் பாலைக் குடித்ததால் மகளுக்கு உடனடியாக ஏதும் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பூஞ்சண நஞ்சு பாலில் வரும் அளவு மிகச் சிறியது. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உடம்பில் சேரும்போதுதான் ஈரலுக்குக் கேடு. பிள்ளை சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள், கண் மஞ்சளாகவில்லை என்றால் இரத்தப் பரிசோதனைக்கு ஓடத் தேவையில்லை. நான் மாட்டு டொக்டர்தான். ஆகவே மனம் ஆறவில்லையென்றால் அடுத்த தடவை கிளினிக் போகும்போது அங்குள்ள வைத்தியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஆனால் அந்தப் பாலை இன்றோடு நிறுத்துங்கள். ஐந்து நாட்களுக்கு மகளுக்கு வேறு பால் கொடுங்கள். ஏன் ஐந்து நாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பூஞ்சணம் வேறு, நஞ்சு வேறு

நீங்கள் செய்த வேலையில் சோம்பல் இல்லை. மழைக்காலத்தில் வெயில் பார்த்து இரண்டு நாள் படங்கு விரித்துக் காயவைப்பது லேசான காரியமா? ஆனால் அந்த வெயில் கொன்றது பூஞ்சணத்தை மட்டும்தான். பூஞ்சணம் வளரும்போது தீவனத்துக்குள் கக்கி வைத்த நஞ்சு வெயிலில் முழுதாகப் போய்விடாது. நாய் கடித்துவிட்டுப் போன பிறகு நாயைக் கட்டி வைத்தால் காயம் ஆறுமா? அந்த மாதிரித்தான்.

இந்த நஞ்சுகளில் நம் பகுதிக்கு முக்கியமானது அஃப்லடொக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் குற்றம் இருந்தது. அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணத்தின் பெயரிலிருந்துதான் நஞ்சுக்கும் பெயர் வந்தது. இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து பாகை வரையிலான வெப்பமும் ஈரக் காற்றும் அதற்கு மிகவும் பிடிக்கும். மட்டக்களப்பு, அம்பாறையின் மாரிகாலத்துக்கு இதைவிடப் பொருத்தமான விவரிப்பு வேண்டியதில்லை. தேங்காய்ப் புண்ணாக்கு, நிலக்கடலைப் புண்ணாக்கு, சோளம் ஆகியவற்றில் அது நன்றாக வளரும். தவிடும் நனைந்தால் தப்பாது.

இந்த நஞ்சு சூட்டுக்கும் அசையாது. வீட்டு அடுப்பில் காய்ச்சும் கொதிநிலை அதற்கு ஒன்றுமேயில்லை. மாமி சொல்வது கிருமிக்குச் சரி. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் அந்த நல்ல பழக்கத்தை விடவே கூடாது. நஞ்சுக்கு மட்டும் அது உதவாது. உப்புப் போடுவது, மஞ்சள் தூவுவது, கழுவுவது, கட்டிகளை மட்டும் பொறுக்கி எறிவது, எதனாலும் அதைக் கண்டு அகற்ற முடியாது. நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பச்சையாகத் தெரியும் இடத்தில் குறைவாகவும், சுத்தமாகத் தெரியும் இடத்தில் கூடுதலாகவும் இருக்கக்கூடும்.

உங்கள் மூன்றாவது மூடை எனக்குச் சொல்வது முக்கியமான செய்தி. வெள்ளம் தொடாத மூடைக்குள் கட்டி எப்படி வந்தது? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கீழே ஈரமாகிக் கிடந்த மூடைகளின் ஆவி மேலே ஏறியிருக்கலாம். மற்றது, அது முன்பே உள்ளே இருந்திருக்கலாம். கொப்பரா சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்து, அதை ஆட்டி எண்ணெய் எடுத்தால், நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கோடுதான் தங்கும். அப்படிப்பட்ட மூடை உங்கள் கொட்டிலுக்கு வரும்போதே கெட்டதுதான். ஒரு சோதனை சொல்கிறேன்: மூடைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். நடுவில் சூடாக இருந்தால் பூஞ்சணம் இன்னும் உயிரோடு வேலை செய்கிறது. கட்டியை உடைக்கும்போது பச்சையும் மஞ்சளுமாகத் தூள் பறந்தால், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு செய்யுங்கள். அந்தத் தூள் உங்கள் நெஞ்சுக்கும் ஆகாது.

நாலு வயிறும் பாலும்

அண்ணன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பூஞ்சணம் உண்டாக்கும் சில நஞ்சுகளை மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பெருமளவு உடைத்துவிடும். அதனால்தான் கோழி சாகும் தீவனத்தில் மாடு நின்று பிடிக்கும். ஆனால் அஃப்லடொக்சினில் கணிசமான பங்கு தப்பி ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை வேறு உருவத்துக்கு மாற்றிப் பாலில் வெளியே விடுகிறது. தின்று பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே பாலில் அது தெரியத் தொடங்கும். மாடு வெளிப்பார்வைக்குச் சும்மா அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். பாலின் நிறமும் ருசியும் மாறாது. சேகரிப்பு நிலையத்தில் மானியை மிதக்கவிட்டும் கொழுப்பைப் பார்த்தும் எடுக்கும் அளவுகளில் இது அகப்படாது. பால் அங்கே தேறுவதை வைத்து, நஞ்சில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் புண்ணாக்கில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் நஞ்சு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இது சோதனை முடிவில்லை, கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கில் இது வரக்கூடிய அளவுதான். ஒன்றரைக் கிலோ தின்னும் மாட்டுக்குள் 150 மைக்ரோகிராம் போகிறது. தின்றதில் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு பாலில் வரும், நிறையக் கறக்கும் மாட்டில் ஆறு வரைகூடப் போகும். இரண்டு என்று வைத்தால் 3 மைக்ரோகிராம். உங்கள் மாடு ஒன்று மூன்றரை லீற்றர் தருகிறது, ஆகவே லீற்றருக்கு ஏறக்குறைய 0.85. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் பாலுக்கு விதித்த எல்லை கிலோவுக்கு 0.5. ஐரோப்பாவில் அதுவே 0.05தான். பார்த்தீர்களா, கைப்பிடி கைப்பிடியாகப் போட்ட தீவனம் எல்லையைத் தாண்ட வைத்துவிடுகிறது.

தயிராக்கினாலும் இது குறையாது. இந்த நஞ்சு பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், தயிராக உறைவதும் அதே புரதம்தான். மட்டக்களப்புத் தயிர் என்று கேட்டு வாங்குகிறவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். அந்தப் பெயரில் உங்கள் சட்டிக்கும் பங்கு இருக்கிறது.

சரி, இனி நல்ல செய்தி. மாடு இந்த நஞ்சைத் தேக்கி வைத்துக்கொள்வதில்லை. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் ஏறக்குறையச் சுத்தமாகிவிடும். ஒரு நாள் கூட்டி ஐந்து என்று சொன்னேன். ஆகவே நீங்கள் இழக்கப்போவது மூன்று மாதப் பால் இல்லை, ஐந்து நாள் பால். பதினான்கு லீற்றர்ப்படி 70 லீற்றர். கடனோடு நிற்கும் வீட்டுக்கு அது சின்னக் காசு இல்லை என்று எனக்குத் தெரியும். யாரும் வந்து சோதிக்கப் போவதும் இல்லை. ஆனாலும் விற்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பாலும் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான் போகிறது.

அந்த ஐந்து நாளும் கறப்பதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மடி வீங்கி இன்னொரு செலவு வரும். முழுதாகக் கறந்து, கிணற்றுக்குத் தள்ளிக் குழியில் ஊற்றுங்கள். கன்றுகள் தாயிடம் குடிப்பதைத் தடுக்க வேண்டாம். தீவனத்தை நிறுத்திய மறுநாளே அளவு இறங்கத் தொடங்கும், கன்றுக்குத் தாய்ப்பால் இல்லாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

புண்ணாக்கு இல்லாமல் பால் இன்னும் குறையுமே என்பீர்கள். குறையும்தான். வெட்டிய பச்சைப் புல்லோடு வேலியிலுள்ள சீமைக்கிளுவையை வெட்டிப் போடுங்கள். முதல் நாள் முகர்ந்துவிட்டுப் போகும். சிறிது வாட விட்டுப் போட்டால் தின்னப் பழகிவிடும். மில்லிலிருந்து அன்றாடம் வரும் புதுத் தவிடு கொஞ்சம் சேர்க்கலாம், பழைய தவிடு வேண்டாம். வைக்கோல் போரில் கறுத்த, வெள்ளை படர்ந்த பகுதியை விலக்கி, உள்ளே உலர்ந்ததை மட்டும் இழுத்துப் போடுங்கள்.

கடையில் நஞ்சை உறிஞ்சும் தூள் என்று பைக்கற்றில் விற்பார்கள். அதில் நல்லது இருக்கிறது, பென்டோனைட் என்ற ஒருவகைக் களிமண் உண்மையிலேயே நஞ்சின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது குறைக்கும், நீக்காது. தெரிந்தே கெட்டதைப் போட்டுவிட்டு மேலே தூவும் மருந்தாக அதை நினைக்க வேண்டாம். வயல் களியைக் கரைத்து ஊற்றுவது அறவே கூடாது.

கன்றும் சினை நிற்காத மாடும்

எல்லாவற்றையும் புண்ணாக்கின் தலையில் போட்டுவிட்டு உங்களையே நொந்துகொள்கிறீர்கள். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சினை நிற்காததற்கும் இந்தப் புண்ணாக்குக்கும் சம்பந்தம் இருக்க வழியில்லை. மாடு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு தடவைதான் பருவத்துக்கு வரும். மூன்று ஊசி என்றால் முதல் ஊசிக்கும் மூன்றாவதுக்கும் இடையில் குறைந்தது ஆறு கிழமை. நீங்கள் கெட்ட தீவனம் போட்டது இரண்டு கிழமை. அந்த மாட்டைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் உடம்பு மெலிவு, தாது உப்புக் குறைவு, அல்லது பருவம் கண்ட நேரம் பிந்தியிருக்கலாம்.

கன்று விடயத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இளங்கன்றுக்குத்தான் இந்த நஞ்சு மிகவும் ஆகாது. கழிச்சல், விடாமல் முக்குவது, சில வேளை குதம் வெளியே தள்ளுவது எல்லாம் அதன் அடையாளங்கள். தாயோடு தொட்டியில் வாய் வைத்த கன்று என்றால் சந்தேகிக்க இடம் இருக்கிறது. ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு குடற்புழுவும் இரத்தக் கழிச்சலும் கன்றுகளை இப்படியே கொண்டுபோகும். மிச்சக் கன்றுகளின் சாணத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு நாளைக்கே போங்கள். கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். செங்கண்மாரி போல மஞ்சளாக இருந்தால் காத்திருக்க வேண்டாம். பால் குறைந்ததுக்கும் நஞ்சோடு சேர்ந்து, மேய்ச்சல் தரை நீரில் கிடந்ததும் காரணமாக இருக்கலாம். மடியையும் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த நஞ்சு மாட்டின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அதனால் மடியழற்சி இலகுவாக வரும்.

கடைக்காரரிடம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில் நேர்மை வேண்டும். வெள்ளத்தில் நனைந்த இரண்டு மூடைக்கும் அவர் பொறுப்பில்லை. அதை விட்டுவிடுங்கள். உங்கள் வழக்கு மேல் மூடைகளில்தான் இருக்கிறது. இன்னும் தைத்தபடியே இருக்கும் மூன்று மூடைகளைப் பிரிக்க வேண்டாம், வேறு இடத்துக்கு மாற்றிப் பலகை மேல் வையுங்கள். சாக்கிலுள்ள பெயர், திகதி, தொகுதி இலக்கம் எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் எடுங்கள். பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். சீட்டு இல்லையென்றால் கடன் கொப்பியில் அவர் கையால் எழுதிய வரி போதும்.

கால்நடை வைத்தியர் முன்னிலையில் மாதிரி எடுப்பது நல்லது. நஞ்சு மூடை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, பொட்டுப் பொட்டாகத்தான் கிடக்கும். ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி அள்ளினால் தப்பான முடிவு வரும். மேல், நடு, அடி, நான்கு மூலை என்று பல இடத்தில் அள்ளி, படங்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் எடுத்து மறுபடி கலந்து, கடைசியில் ஒரு கிலோ வரும்வரை இப்படிச் செய்ய வேண்டும். கடதாசிப் பையில் போடுங்கள், பொலித்தீனில் வியர்த்து இன்னும் பூஞ்சணம் பிடிக்கும். எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது, எவ்வளவு செலவாகும் என்பதை அலுவலகத்தில் கேளுங்கள். செலவு கூடுதலென்றால் உங்கள் பால் சங்கத்தில் பேசுங்கள். அதே கடையில் வாங்கிய வேறு ஆட்களும் இருப்பார்கள், ஒரு சோதனை எல்லோருக்கும் பயன்படும்.

தீவனத்தின் உற்பத்தியையும் விற்பனையையும் கட்டுப்படுத்த 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கால்நடைத் தீவனச் சட்டம் இருக்கிறது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் அதன் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். பணத்தைத் திரும்பப் பெறும் வழி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைதான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். ஐப்பசிக் கடைசியில் வாங்கினீர்கள், ஆகவே தை முடிவதற்குள். அதற்கு முன் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் ஒரு தடவை மரியாதையாகப் பேசுங்கள். அவரும் யாரிடமோ வாங்கி விற்றவர்தான். நான் பார்த்த பல சந்தர்ப்பங்களில் காகிதத்தைக் கண்டதும் பேச்சு மாறியிருக்கிறது.

கொட்டுவதும் வைப்பதும்

ஈரமான இரண்டு மூடையின் மிச்சத்தையும் திறந்த மூன்றாவதையும் (மாதிரி எடுத்த பிறகு) புதைத்துவிடுங்கள். கிணற்றுக்கும் வாவிக்கும் தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு மேல் குழி, மேலே சுண்ணாம்பும் சாணமும், பிறகு மண். கோழிக்குப் போடலாமா என்று மாமி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அறவே வேண்டாம். கோழி மாட்டைவிடச் சீக்கிரம் விழும், வாத்து இன்னும் மோசம். வற்றுக் கறவைக்கும் நாகுக்கும் போட்டுத் தீர்ப்பதும் தப்பு. நல்லதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதும் அப்படித்தான்.

அடுத்த தடவை இரண்டு கிழமைத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள், மலிவாகக் கிடைத்தாலும். அரை அடி உயரத்தில் பனங்குற்றி போட்டுப் பலகை அடித்து, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும். சோளம் வாங்கும் நாளில் இதையும் செய்யலாம்: காய்ந்த கண்ணாடிப் போத்தலில் கால்வாசி சோளமும் இரண்டு கரண்டி உலர்ந்த உப்பும் போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். உப்பு போத்தல் சுவரில் ஒட்டினால் சோளம் சேமிக்க முடியாத ஈரத்தில் இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள். ஒட்டாமல் அடியில் விழுந்தால் வாங்கலாம். கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள், கோபிக்க மாட்டார்.

நாளைக்கு வைத்திய அலுவலகத்துக்குப் போகும்போது மூன்று சாமான் கொண்டு போங்கள்: கன்றுகளின் சாணம், பற்றுச்சீட்டு, சாக்கின் படங்கள். தைத்த மூடைகளை மட்டும் வைத்தியர் வந்து பார்க்கும் வரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.